24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் மின்காந்த இரைச்சலைக் குறைக்கப் பெரிய சோக் போட்டால் போதுமா?

போதாது. 24 வோல்ட் ஃபிளைபேக் சப்ளை (டிரான்ஸ்பார்மரில் ஆற்றலைச் சேர்த்து விடுவிக்கும் வகை எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் முறை மின்வழங்கி) ஆய்வக இரைச்சல் சோதனையில் தேறவில்லை என்றும், உள்ளீட்டில் இன்னும் பெரிய சோக் (இரைச்சலைத் தடுக்கும் கம்பிச்சுருள்) போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாதிரி போர்டு தேறி, உற்பத்தியில் வந்த போர்டு தோற்றிருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். ஏனெனில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

ஓசூரில் சிறிய பட்டறை ஒன்றில், ரோஜாப் பசுமைக்குடில்களின் சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக 65 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சப்ளை ஒன்றைச் செய்தோம். சிஸ்பர் 32 என்ற சர்வதேச இரைச்சல் விதியில் கடத்தல் இரைச்சலை (கம்பி வழியே வெளியேறுவதை) 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்கிறார்கள் என்பதால், இரண்டாம் மடங்கான 130 அளவீட்டுக்கு வெளியே போய்விடும். மூன்றாவதான 195 முதல்தான் கவலை. மாதிரிகள் பெங்களூர் ஆய்வகத்தில் நன்றாகவே தேறின. உற்பத்திப் போர்டுகளோ, அதே பிசிபி, அதே ஃபில்டர் இருந்தும், சில மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வரம்பைத் தாண்டின. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஃபெரைட் வளையங்களை மாட்டிக் கழற்றிப் பார்ப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

மெயின்ஸின் இரு கம்பிகளுக்கிடையே வைக்கும் எக்ஸ் கெபாசிட்டரைப் பெரிதாக்கியும், வரம்பைத் தாண்டிய அந்த மேடு அசையவில்லை. அப்படியானால் அது இரு கம்பிகளுக்கிடையே ஓடும் இரைச்சல் அன்று. இரண்டிலும் ஒரே திசையில் ஓடி, நிலத்தின் வழியாகச் சுற்றி வரும் பொது இரைச்சல். ஃபிளைபேக்கில் அதற்குப் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரே வழி. எனவே ஒன்றைச் சூடாக்கி வார்னிஷை இளக்கி, கோரைக் கழற்றி, டேப்பை உரித்துச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தோம். பிரைமரியின் (மெயின்ஸ் பக்கச் சுற்றின்) உள்நுனி, ஸ்விட்சாக இயங்கும் மாஸ்ஃபெட்டின் டிரெயின் முனைக்குப் போகும் காலில் இருக்க வேண்டும். அது பி பிளஸ் (நிலையான உள்ளீட்டு டிசி) காலில் இருந்தது. சுற்றித் தருபவர் தம் வசதிக்காக மறுகாலிலிருந்து தொடங்கி எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறார். முனைமை மாறவில்லை, இண்டக்டன்ஸ் மாறவில்லை, எல்சிஆர் மீட்டரில் எல்லாம் சரி. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும் டிரெயின் பக்க அடுக்கு செகண்டரியை (வெளியீட்டுச் சுற்றை) ஒட்டி வந்துவிட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு கெபாசிட்டன்ஸ் வழியே இரைச்சல் மறுபக்கம் தாவி, வெளிக்கம்பிகள் வழியே நிலத்துக்குப் போய்விட்டது. சரியாகச் சுற்றினால் பி பிளஸ் பக்கத்து அமைதியான அடுக்கே செகண்டரிக்கு முன் திரையாக நிற்கும்.

பிரைமரியைப் பாதி பாதியாகப் பிரித்து நடுவில் செகண்டரி வைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும் என்று சிலர் திருத்த வருவார்கள். உண்மைதான், அங்கே தனித் திரைச் சுற்று தேவைப்படலாம். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே வைக்கும் ஒய் கெபாசிட்டரைப் பெரிதாக்கலாமே என்பாரும் உண்டு. 2.2 நானோஃபாரடுக்கே 230 வோல்ட்டில் சுமார் 0.16 மில்லியாம்பியர் கசியும். விவசாயி ஈரக்கையோடு தொடும் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டே போக எனக்கு மனமில்லை. இதற்கிடையே, ஒய் கெபாசிட்டரையும் சோக்கையும் விட்டுவிட்டு, சோக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி லிங்க் வைத்த போர்டை எங்களுடையதில் பாதி விலைக்கு விற்பவரிடம் எவரும் சோதனை அறிக்கை கேட்பதில்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் டிரான்ஸ்பார்மர் வரைபடத்தில் தொடக்கக் காலையும் சுற்றும் திசையையும் எழுதுங்கள்; வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைப் பிரித்தே பாருங்கள். அடுத்ததாக, உள்ளீட்டுக் கெபாசிட்டர், டிரான்ஸ்பார்மர், மாஸ்ஃபெட் மூன்றும் சேரும் வளையத்தைப் பிசிபியில் இயன்றவரை சுருக்கி, டிரெயின் செம்பைத் தேவைக்கு மேல் பரப்பாமல் விடுங்கள். ஹீட்சிங்கை மிதக்க விடாமல் பிரைமரி கிரவுண்டில் கட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மேடு இருந்தால் பெரிய சோக் வாங்கலாம். அதையும் டிரான்ஸ்பார்மரை ஒட்டி வைத்தால் காந்தப்புலம் நேராகவே அதற்குள் ஏறிக்கொள்ளும், ஆகையால் போர்டின் மறுமூலையில், மெயின்ஸ் கனெக்டருக்குப் பக்கத்தில் வையுங்கள்.