மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வில் என் ரேங்குக்கு, மயக்க மருந்துத் துறையான அனஸ்தீசியாதான் கிடைக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற ரேடியாலஜிக்காக அடுத்த வருடம் மறுபடி எழுதலாமா?

எடுங்கள். நான் எடுத்தேன், தருமபுரி மாவட்டத்தில் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

ஹவுஸ் சர்ஜன் முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பாடம் பார்த்துக்கொண்டு, "டாக்டர் ஆகியும் இன்னும் படிக்கிறானா?" என்று பக்கத்து வீட்டார் கேட்கிற கட்டத்தில் இருப்பீர்கள். 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பானால் ஒன்று கழியும். மறுபடி எழுதினால் ரேங்க் ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ரேடியாலஜி நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அது நல்ல துறைதான். ராத்திரித் தூக்கம் முக்கியம் என்றால் தாராளமாக அதற்கே போங்கள். கிடைக்காதவன் பேச்சு என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

நான் எம்.டி. சேர்ந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுக்கு மூணு வருசமா?" தூங்க வைப்பது சுலபம். கத்தி உள்ளே இருக்கும்போது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து வைத்து, முடிந்ததும் ஆளை எழுப்பிக் கொடுக்கவே அந்த மூணு வருசம்.

அரூர் பக்கத்து விவசாயி ஒருவர். ராத்திரி தரையில் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருக்கிறார். கடிவாய் தெரியவில்லை, வீக்கம் இல்லை. அல்சர் என்று நினைத்து வீட்டிலேயே மாத்திரை. எங்களிடம் வரும்போது இமை இரண்டும் தொங்கிவிட்டன, பேச்சு மூக்கில் வந்தது, எச்சிலை விழுங்க முடியவில்லை. கட்டுவிரியன் இப்படித்தான். விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் அந்த விஷம் நரம்பு நுனியையே கெடுத்துவிடும். மருந்து போன பிறகும் மூச்சுத் தசைகள் திரும்ப நாள் பிடிக்கும். அதுவரை ட்யூபும் வென்டிலேட்டரும்தான். கண் திறக்காத மனுசனைப் பார்த்துவிட்டு அவர் மனைவி, "முடிஞ்சுபோச்சு, ஊருக்குக் கொண்டுபோயிடறோம்" என்று அழுதார். நான் குனிந்து, "அண்ணா, கால் கட்டைவிரலை ஆட்டுங்க" என்றேன். லேசாக ஆட்டினார். அந்த அக்கா அப்புறம் டிஸ்சார்ஜ் பேச்சே எடுக்கவில்லை.

அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். போகும்போது சால்வை போட்டது மெடிசின் டாக்டருக்கு. சரி, விடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகர். 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஊருக்குள் இன்னும் ரயில் கிடையாது. ராத்திரி அங்கே ஒரு கேஸ் முடித்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புகிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

எம்.டி.க்குப் பிறகு கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை), கார்டியாக் அனஸ்தீசியா (இதய அறுவைக்கான மயக்க மருந்து) என்று டி.எம். என்கிற அடுத்த கட்டப் படிப்புக்குப் போகவும் வழி இருக்கிறது. கவுன்சலிங்கில் கல்லூரி சாய்ஸ் போடும் முன் அந்தக் கல்லூரியில் இப்போது பி.ஜி. படிப்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐ.சி.யூ.வை அனஸ்தீசியா துறை பார்க்கிறதா, வேறு துறையா? இவர்கள் கையில் இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் மேலே போடுங்கள்.