கட்டைவிரல் விமர்சனம் எங்கே போயிற்று? – கேள்வி பதில்

அமெரிக்காவில் சிஸ்கல், ஈபர்ட் இருவரும் தொலைக்காட்சியில் செய்த சினிமா விமர்சனத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, இரண்டு பேர் உட்கார்ந்து படத்தைப் பற்றிப் பேசியதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: ஜீன் சிஸ்கல் 'சிகாகோ டிரிபியூன்' ஆள், ராஜர் ஈபர்ட் 'சிகாகோ சன்-டைம்ஸ்' ஆள். இரண்டும் போட்டிப் பத்திரிகைகள். 1975இல் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது. படத்திலிருந்து ஒரு துண்டுக் காட்சி, அப்புறம் சண்டை. நிஜமான சண்டை. ஒருவர் படம் நன்றாக இருக்கிறது என்றால், ஏன் என்று மற்றவர் விடாமல் கேட்பார். யார் பக்கம் நியாயம் என்பதை வீட்டில் பார்ப்பவர் முடிவு செய்துகொள்வார். நிகழ்ச்சியின் உயிர் அதுதான். படம் பிடித்தால் மேலே, பிடிக்காவிட்டால் கீழே என்று காட்டிய, எல்லோருக்கும் நினைவிருக்கும் கட்டைவிரல், 1986இல் நிகழ்ச்சி டிஸ்னியிடம் போனபோதுதான் வந்தது.

கேள்வி: இணையம்தான் இதை அழித்ததா?

பதில்: பாதிதான். 1999இல் சிஸ்கல் இறந்துவிட்டார். 2006இல் புற்றுநோய் சிகிச்சையில் ஈபர்ட்டின் குரல் போனது. அடுத்தடுத்து ஆட்களை மாற்றிப் பார்த்துவிட்டு, 2010 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் இருவரும் நலமாக இருந்திருந்தாலும் கஷ்டம்தான். 1980களில் புதுப்படத்தின் காட்சியை வீட்டில் பார்க்க இப்படியொரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு டிரெய்லர் கணினிக்கே வந்தது, விமர்சனமும் படம் வரும் முன்பே வந்தது. வாரத்துக்கு அரை மணி நேரம் வரும் நிகழ்ச்சியால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை.

கேள்வி: 'ராட்டன் டொமேட்டோஸ்' இணையதளம் நூறு விமர்சகர்கள் கருத்தைக் கூட்டிச் சொல்கிறதே, அது இன்னும் நம்பகம் இல்லையா?

பதில்: அந்தச் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் படத்துக்குச் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு. எவ்வளவு பிடித்தது என்பது அதில் தெரியாது. எல்லோருமே 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று எழுதினால்கூட 100 வந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. 1994இல் 'ஹூப் ட்ரீம்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. கூடைப்பந்தை நம்பி வாழும் இரண்டு சிகாகோ பையன்களின் கதை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வாங்கி வெளியிட ஆள் கிடைப்பதற்கு முன்பே சிஸ்கலும் ஈபர்ட்டும் அதைத் தங்கள் நிகழ்ச்சியில் கொண்டாடினார்கள். அந்த வருடத்தின் சிறந்த படம் என்று இருவருமே சொன்னார்கள். வேறு படத்துக்காக டிவியைப் போட்டவரும் அன்று அதைக் கேட்டார். இணையத்தில் நாம் தேடுவதுதான் கிடைக்கும். பெயரே தெரியாத படத்தை எப்படித் தேடுவது?

கேள்வி: மற்ற நாடுகளில்?

பதில்: பிரிட்டனில் பிபிசியின் சினிமா நிகழ்ச்சி 1971 முதல் 2018 வரை ஓடியது. ஆஸ்திரேலியாவில் மார்கரெட் பொமரான்ஸ், டேவிட் ஸ்ட்ராட்டன் ஜோடி 1986இல் தொடங்கி 2014இல் விடைபெற்றது.

கேள்வி: நம் யூடியூப் விமர்சகர்கள் இவர்களின் வாரிசு இல்லையா?

பதில்: உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் கேமராவுக்கு முன் ஒருவர்தான் இருக்கிறார். 'நீ சொல்வது தப்பு' என்று பக்கத்திலிருந்து மறுக்க ஆள் இல்லை. இரண்டு பேராக உட்கார்ந்து செய்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

கேள்வி: ஈபர்ட்டுக்கு இணையத்தின் மேல் கோபம் இருந்ததா சார்?

பதில்: துளியும் இல்லை. பேச்சு போன பிறகு அவர் வாழ்ந்ததே அங்கேதான். வலைப்பதிவில் சினிமா மட்டுமல்ல, தன் நோய், சாவு எல்லாவற்றையும் எழுதினார். 2012இல் மட்டும் 306 படங்களுக்கு விமர்சனம் எழுதினார், அவர் வாழ்நாளிலேயே அதிகம். அடுத்த ஏப்ரலில் இறந்தார். அவர் பெயரிலுள்ள தளத்தில் மற்ற விமர்சகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.