காற்று எங்கே கசியுது? எஞ்சின் காற்றுப்பாதைக் கோளாறுகள்: கேள்வி பதில்

ஹட்டன், பஜாஜ் ஆட்டோ: ஐட்லிங் ஏறி இறங்குது. ரேஸை விட்டதும் சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குது. கார்பரேட்டரைக் கழுவிப் பார்த்தாச்சு.

கார்பரேட்டரை விடுங்க. அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாயைக் கழட்டி விரலால மடக்குங்க. மேல நல்லாத் தெரியும், அடிப்பக்கம்தான் வெடிச்சிருக்கும். அதுவழியா உள்ள போற காற்றால கலவை மெலிஞ்சு எஞ்சின்ல ஒழுங்கா எரியாது. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போய் வெடிக்குது. கழட்டாமலே சோதிக்கணும்னா, ஐட்லிங்ல ஓட விட்டு ரப்பரைச் சுத்தி சோப்புத் தண்ணி தெளிங்க. ஓட்டம் மாறினா கசிவு அங்கேதான். கார்ப் கிளீனர் மட்டும் வேணாம். சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்துல பத்திக்கும்.

தலவாக்கலை: எயார் ஃபில்டரைக் கம்ப்ரசர்ல ஊதலாமா?

பேப்பர் ஃபில்டரா இருந்தா வேணாம். பக்கத்துல வச்சு ஊதினா பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அதுவழியா தூசி ரிங்ஸைத் தின்னும். தட்டி உதறுங்க, இல்லாட்டி மாத்துங்க.

நுவரெலியா, எக்ஸியோ கார்: ஸ்கேனர்ல பி 0171 வருது. ஆக்சிஜன் சென்சர் மாத்தியும் போகல.

பி 0171ன்னா கலவை மெலிசுன்னு எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லுது. ஆக்சிஜன் சென்சர் சேதி கொண்டு வர்ற ஆள், குற்றவாளி இல்ல. ஃபியூல் டிரிம்மைப் பாருங்க, அதாவது கலவையைச் சரிபண்ண கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற வீதம். ஐட்லிங்ல +20 அளவுல நின்னு, 2500 ஆர்.பி.எம்-ல +5க்கு இறங்கினா வேக்கம் கசிவு, அதாவது அளக்காத காற்று உள்ள புகுது: பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்கே திருப்பி விடுறது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட். ரேஸ் ஏற ஏற டிரிம்மும் ஏறினா உள்ள போற காற்றை அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர்ல அழுக்கு, இல்லாட்டி பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைவு. சென்சரை அதுக்குன்னே உள்ள கிளீனர்ல மட்டும் கழுவுங்க. கம்பியைத் தொடாதீங்க, துணியால துடைக்காதீங்க.

அதுக்குப் பதிலா மேப் சென்சர் (மேனிஃபோல்ட் காற்றழுத்தத்தை அளக்கிறது) வச்ச ஆல்டோ மாதிரி வண்டியில இந்தக் கணக்கு அப்படியே வராது. அங்க கசிவு இருந்தா பெரும்பாலும் ஐட்லிங் வேகம்தான் கூடும்.

பண்டாரவளை: கொழும்பில பறக்கிற வேன் நுவரெலியாவில தவழுது. மலை ஏறினா எல்லா வண்டியும் அப்படித்தான்னு மெக்கானிக் சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல், கடல்மட்டத்துல 101. மேல குளிர் கூட, அதனால காற்று கொஞ்சம் அடர்த்தியாகும். எல்லாம் சேர்த்துப் பார்த்தா காற்று 16, 17 வீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின்ல சக்தியும் அந்த அளவு குறையும். அதுக்கு மேல குறைஞ்சா மலையைக் குத்தம் சொல்லாதீங்க.

பண்டாரவளை, மறுபடியும்: என் வேன் டர்போ டீசல். அதுவும் மலையிலதானே ஏறுது?

அப்ப மெக்கானிக் சொன்னது இன்னும் மோசமான சாக்கு. பூஸ்டை (டர்போ தர்ற காற்றழுத்தத்தை) எஞ்சின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற வண்டியில, குறைஞ்ச காற்றை டர்போ வேகமாச் சுத்தி பெருமளவு ஈடுகட்டும். சக்தி நல்லா விழுந்து கறுப்புப் புகையும் வந்தா, பெரும்பாலும் டர்போவுக்கு அப்புறம் ஏதோ ஒரு ஹோஸ் ஊதுது. டர்போ வாயை அடைப்பால மூடி, ரெகுலேட்டர் வச்சு 5 பிஎஸ்ஐல தொடங்கி 10 வரை காற்று கொடுங்க. கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயையும் தனியா அடைச்சிடணும். இல்லாட்டி அழுத்தம் எண்ணெய்ப் பக்கம் போய் சீலைக் கெடுக்கும். அடைப்புக்கு நேர் எதிரே நிக்காதீங்க, பறந்து வரலாம். திறந்திருக்கிற வால்வு வழியா அழுத்தம் மெல்ல இறங்கும், அது சாதாரணம். ஹோஸ் கிளிப்ல சோப்பு நுரை குமிழ் விட்டா கசிவு அதுதான்.

கண்டி: இந்த மனுஷர் சொல்றது பிழை. என் நண்பரோட டர்போ லொறியும் நுவரெலியாவில இழுக்கல.

அப்ப அந்த லொறியிலயும் கசிவு இருக்கலாம். மேல வச்சே அளந்து பாருங்க. சாவியை ஆன் பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம மேப் சென்சரைப் படிங்க: 81 பக்கம் காட்டினா சென்சர் சரி. அதைப் பார்த்துட்டு "101 வரணுமே, சென்சர் பழுது"ன்னு புதுசு வாங்கினா காசுக்குத்தான் நட்டம். வேக்கம் கேஜும் அப்படித்தான். கீழ 18, 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டுற நல்ல எஞ்சின் நுவரெலியாவில 12, 14 காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறைச்சுப் படிங்க.

மஸ்கெலியா: ஃபில்டரைக் கம்ப்ரசர்ல ஊதலாமா, உள்ளே இருந்து வெளியே?

தலவாக்கலைக்குச் சொன்னதுதான்.

வட்டவளை, டொலமைட் ஏத்துற லொறி: ஏத்தத்துல கறுப்புப் புகை. இன்ஜெக்டர் சோதிச்சாச்சு.

ஃபில்டர் பெட்டியில ரெஸ்ட்ரிக்ஷன் கேஜ் (ஃபில்டர் அடைப்பைக் காட்டுறது) இருக்கா? பொதுவா 25 அங்குல நீர், அதாவது 6 கிலோபாஸ்கல் அளவு தாண்டினா ஃபில்டர் முடிஞ்சுது. உங்க பக்கத்து மழைக்கு இன்னொன்றும் இருக்கு: டொலமைட் தூசி படிஞ்ச பேப்பர்ல ஈரம் ஏறினா சேறு மாதிரி இறுகி, வெயில்ல காஞ்சாலும் திறக்காது. காற்று இழுக்கிற வாய் மழைத்தண்ணி படாத பக்கம் திரும்பியிருக்கணும். ரேஸ் கொடுக்கும்போது ரப்பர் ஹோஸ் சப்பி ஒட்டுதான்னும் பாருங்க. ஹோஸோட உள் அடுக்கு உரிஞ்சிருந்தா நிக்கிறப்ப தெரியாது, இழுக்கும்போதுதான் அடைக்கும்.

பதுளை: ரேஸ் ஏறுது, வேகம் ஏறல.

அது கிளச். காற்றுப்பாதையில தேடாதீங்க.

கொட்டகலை: எயார் ஃபில்டரைக் கழட்டிட்டு ஓட்டினா பிக்கப் கூடுதே?

கூடுதுன்னா ஃபில்டர் அடைச்சிருக்கு. புதுசு போடுங்க, இன்னிக்கே. தோட்டத்து ரோட்டுத் தூசியில ஃபில்டர் இல்லாம ஓடினா சிலிண்டர் கீறி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். கம்ப்ரசர் பத்தி நீங்களும் கேக்காதீங்க.