அப்பா ஐசியூவில், சொத்தெல்லாம் அவர் ஒருவர் பெயரில்: பவர் பத்திரம் செல்லுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அப்பா, அம்மா, நான் மூவரும் டைரக்டர்கள். பேங்க் கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. 68 வயதான அவர் பக்கவாதம் வந்து 10 நாளாக ஐசியூவில் நினைவில்லாமல் இருக்கிறார். டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், நிலம் எல்லாம் அவர் பெயரில், நான் நாமினி. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதித் தந்திருக்கிறார். அது போதும் என்கிறார் ஆடிட்டர், செல்லாது என்கிறார் வக்கீல். அக்கா சிங்கப்பூரில். சம்பளத் தேதி நெருங்குகிறது, ஆஸ்பத்திரி பில்லும் ஏறுகிறது. என்ன செய்வது?

பதில்: வக்கீல் சொல்வதுதான் சரி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் அத்தோடு முடிந்துவிடும். நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும்படி பவர் எழுதி வைக்க பிரிட்டனில் வழி இருக்கிறது, இங்கே இல்லை. நாமினிக்கோ கணக்குதாரரின் காலத்துக்குப் பிறகுதான் வேலை. ஆக, அப்பாவின் சொந்தச் சொத்தில் இன்றைக்கு உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. வசதியான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இது புரியாமல் அவசரத்தில் செய்யும் காரியங்களால்தான்.

அதில் மோசமானது கைநாட்டு. நினைவில்லாதவரின் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் பதித்தால் அது மோசடி. அன்றைய தேதி போட்ட கேஸ் ஷீட்டே (ஆஸ்பத்திரியின் நோயாளி நிலைக் குறிப்பே) உங்களுக்கு எதிரான சாட்சி. எழுத முடியாத நோயாளியின் கைரேகையை, வங்கி அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாங்கிக்கொண்டு பணம் தர ரிசர்வ் வங்கி வழி வைத்திருப்பது உண்மை. அது நினைவோடு இருப்பவருக்கு மட்டும்.

அடுத்தது, அவர் போனுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பணம் மாற்றுவது. இன்றைக்கு அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். நாளை பாகம் பிரிக்கும்போது அந்த ஸ்டேட்மெண்ட்தான் முதலில் மேஜைக்கு வரும். போனை சார்ஜில் வையுங்கள், ரீசார்ஜ் தவறவிடாதீர்கள். எந்தத் தவணை, எந்த பிரீமியம் எப்போது பிடிக்கிறார்கள் என்று மெசேஜ் பார்க்க மட்டும் அது உதவட்டும். அவை திரும்பாமல் இருக்க அவர் கணக்கில் நீங்கள் பணம் போடலாம், எடுப்பதற்குத்தான் தடை.

சம்பளப் பிரச்சினை தீரக்கூடியது, ஏனென்றால் கம்பெனி சட்டப்படி தனி நபர். போர்டு கூட்டத்துக்கு இரண்டு டைரக்டர்கள் போதும். நீங்களும் அம்மாவும் இருக்கிறீர்கள். (அப்பாவும் மகனும் மட்டுமே டைரக்டராக உள்ள கம்பெனிகள் இந்த இடத்தில் அப்படியே நின்றுபோகும். மூன்றாவது ஆளை இப்போதே சேர்த்து வைப்பது நல்லது.) மேனேஜிங் டைரக்டர் இல்லாமல் குவோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) கிடையாது என்று ஆர்ட்டிகிள்ஸில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில், ஷரத்து ஏதும் உண்டா என ஆடிட்டர் முதலில் பார்க்கட்டும். கூட்டத்துக்கு 7 நாள் நோட்டீஸ் கொடுங்கள். அப்பாவின் முகவரிக்கும் ஒரு நோட்டீஸ் போக வேண்டும், அவர் இன்னும் டைரக்டர்தான். இதை விட்டால் தீர்மானத்தையே பிறகு கேள்வி கேட்கலாம். பேங்க் கையெழுத்தையும் ஜிஎஸ்டி அங்கீகாரக் கையெழுத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றத் தீர்மானம் போட்டு, நகலைக் கிளையில் கொடுங்கள். அப்பாவின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யாரும் தொடக்கூடாது. பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டருக்கு வங்கி முன்கூட்டித் தரும் கடன்) லிமிட் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று இன்றே பாருங்கள். அவர் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தால் அப்போதும் அவர் கையெழுத்தைக் கேட்பார்கள். வங்கி மேனேஜர் வெளியே கேள்விப்படுவதற்கு முன் நீங்களே எழுத்தில் சொல்லிவிடுவது மேல்.

ஆஸ்பத்திரி பில்லை உங்கள் கணக்கிலிருந்து கட்டுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. நாள்வாரியாகப் பிரித்துக் கட்டினாலும் ஒரே சிகிச்சை என்றுதான் பார்ப்பார்கள். கம்பெனி கட்டினால் வேறு சிக்கல்: அப்பாவிடம் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், அந்தத் தொகையை டிவிடெண்டாகக் கருதி வரி போட இடமுண்டு. அவர் கம்பெனிக்குக் கடன் கொடுத்த வரவு பேலன்ஸ் ஷீட்டில் இருந்தால், அதில் கழித்துக்கொள்ளலாமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றும்போது, பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா பாருங்கள். நாளுக்கு 10,000 ரூபாய் வரம்புள்ளவர் 20,000 ரூபாய் சூட் எடுத்தால், வாடகையோடு டாக்டர் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டுப்படும். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி (கடும் நோய் வந்தால் மொத்தத் தொகை தருவது) இருந்தால், பக்கவாதத்துக்கான தொகை உடனே கிடைக்காது; நரம்புப் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்குச் சான்று கேட்பார்கள். அதனால் ஸ்கேன் சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதீர்கள்.

அப்பாவின் பணத்தையே எடுக்க வேண்டிய நிலை வந்தால் ஒரே வழி உயர்நீதிமன்றம். அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவில் ரிட் மனு போட்டு கார்டியனாக நியமிக்கக் கேட்கலாம். 2024ல் சென்னை உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியை கார்டியனாக்கி, சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது; அதில் 50 லட்சத்தை கணவர் பெயரில் டெபாசிட் செய்யவும் சொன்னது. மருத்துவ அறிக்கைகள், முழுச் சொத்துப் பட்டியல், மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம் தேவைப்படும். அக்கா சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். மனுதாரர் அம்மாவாக இருப்பதே என் யோசனை. பிள்ளைகளுக்குள் சந்தேகம் வர இடமிருக்காது. எந்த டெபாசிட், எவ்வளவு, எதற்கு என்று அளவோடு கேளுங்கள்.

ஆடிட்டர், வக்கீல், இன்சூரன்ஸ் ஏஜென்ட், முதலீட்டு ஆலோசகர் நால்வரும் வாரம் ஒருமுறை, அக்காவையும் சேர்த்து ஒரே போன் அழைப்பில் பேசட்டும். பேசியதை ஆடிட்டர் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பட்டும். முதலீட்டு ஆலோசகரின் கிளையன்ட் அப்பா, நீங்கள் அல்ல. நீங்கள் சொன்னாலே ஃபண்டை விற்றுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். ஆலோசகரிடம் கேட்க வேண்டியது: அடமானத்தில் பங்குகளோ முடிக்காத எஃப்அண்ட்ஓ (பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பொசிஷனோ இருக்கிறதா? மார்ஜின் (புரோக்கரிடம் வைத்த ஈட்டுத் தொகை) குறைந்தால் புரோக்கர் யாருக்காகவும் காத்திருக்காமல் விற்றுவிடுவார்.

அப்பாவுக்கு நினைவு திரும்பியதும், புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று நரம்பியல் டாக்டரிடம் தேதி, நேரத்தோடு சான்று வாங்குங்கள். முதல் வேலையாக அம்மாவைச் சேர்த்து வங்கிக் கணக்கை எய்தர் ஆர் சர்வைவர் (இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கலாம்) ஆக்குங்கள். அப்புறம் உயில், ஒரு சாட்சி அந்த டாக்டராகவே இருக்கட்டும். படுக்கையில் இருப்பவரிடம் செட்டில்மெண்ட் பத்திரம் (சொத்தை உடனே எழுதிக் கொடுப்பது) மட்டும் எழுதி வாங்காதீர்கள், வற்புறுத்தி வாங்கியதாக வழக்கு வரும். உயிலைப் பதிவு செய்ய விரும்பினால், நடக்க முடியாதவரின் இருப்பிடத்துக்கே சார்பதிவாளர் வரப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது.