இதயத்துக்கு எது நல்லது: ஏற்றத்தில் நடப்பதா, ஓடுவதா?

கேட்டவருக்கு வயது 46, ஊர் வேலூர் சத்துவாச்சாரி. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, பிபியும் கொழுப்பும் கொஞ்சம் அதிகம், முட்டி அவ்வப்போது வலிக்கிறது. ஜிம்மில் ஓடச் சொல்கிறார்கள், வீட்டில் நடந்தாலே போதும் என்கிறார்கள், நண்பர் ஒருவர் டிரெட்மில்லை ஏற்றமாக வைத்து நடக்கச் சொல்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்கிறார்.

நண்பர் பேச்சைக் கேளுங்கள். காட்பாடிப் பக்கம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை ஓட வைத்தே காலம் போனது, ஓட்டத்தின் மேல் எனக்கு உயிர். ஆனாலும் உங்கள் வயதுக்கும் முட்டிக்கும் முதலில் ஏற்ற நடைதான் என்பேன்.

நெஞ்சில் ஏதோ தொந்தரவு என்று போனால் டாக்டர் டிஎம்டி, அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை, எழுதித் தருவார் இல்லையா, அதை நினைத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் பின்பற்றுவது புரூஸ் முறை, அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்தது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் (100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரம்) என்று ஆரம்பிக்கும். 3 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், ஏற்றமும் 2 சதவீதம் கூடும். மூன்றாம் கட்டத்தில் ஏற்றம் 14 சதவீதம், வேகம் ஐந்தரை கிலோமீட்டர்தான். பழக்கமில்லாதவர்களுக்கு அங்கேயே மூச்சு முட்டிவிடும். முதல் 9 நிமிடத்தில் ஓட்டம் என்பதே கிடையாது. இதயத்துக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்று பார்க்க டாக்டர்களே ஏற்ற நடையைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

கணக்கும் அதையே சொல்கிறது. உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனைக் கணிக்க உடற்பயிற்சித் துறையில் ஒரு சூத்திரம் உண்டு. அதில் போட்டுப் பார்த்தால், சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மூன்றரை மடங்கு செலவு. அதே வேகம், 12 சதவீத ஏற்றம் என்றால் எட்டரை மடங்கு. சமதரையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் கிட்டத்தட்ட அதே எட்டரைதான். இதயத்துக்கு வேலை ஒன்றே, முட்டிக்குத்தான் வித்தியாசம். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது. நடையில் எடைக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

2013இல் அமெரிக்காவில் ஓடுபவர்கள் 33,000 பேர், நடப்பவர்கள் 15,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. செலவழித்த சக்தி சமமாக இருந்தால் பிபி, கொழுப்பு, சர்க்கரை வரும் வாய்ப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. ஓட்டத்தின் லாபம் நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு மிதமான பயிற்சி என்றால் 150 நிமிடம், கடுமையானது என்றால் 75 நிமிடமாவது வேண்டும் என்கிறது. கோட்டை மைதானத்தில் பேசிக்கொண்டே சுற்றி வருவது முதல் வகை, ஓட்டம் இரண்டாம் வகை. செங்குத்தாக ஏறினால் நடையும் இரண்டாம் வகைக்குப் போய்விடும்.

இப்போது டிரெட்மில் விஷயம், இதை நிதானமாகப் படியுங்கள். ஜிம்மில் பாருங்கள், ஏற்றத்தை 12இல் வைத்துவிட்டு முன்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முழங்கையை நீட்டி, பின்பக்கம் சாய்ந்து தொங்கியபடி நடப்பார்கள். உடம்பு பின்னால் சாய்ந்ததுமே ஏற்றத்தின் பலன் பாதி போய்விடும். நீங்கள் தொங்குவது மெஷினுக்குத் தெரியாது, திரையில் கலோரி ஏறிக்கொண்டே இருக்கும். கம்பியை விட்டு நடக்க முடியவில்லையா, ஏற்றத்தைக் குறையுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி ஏறும் வயதான அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து, பாதம் முழுக்கப் படியில் பதிய, சின்னச் சின்ன எட்டாக வைப்பார்கள். மூச்சு வாங்கினால் தொடையில் கை ஊன்றி நின்று, அடங்கிய பிறகுதான் அடுத்த படி. அதைவிட நல்ல பாடம் எந்த ஜிம்மிலும் கிடைக்காது.

12 சதவீதத்தில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் 300 மீட்டர் உயரம் ஏறியதாகக் கணக்கு. சோளிங்கர் பெரிய மலையின் 1305 படிகளையும் ஏறியதைவிட அதிகம். அதனால் முதல் நாளே 12க்குப் போகாதீர்கள். 3 அல்லது 4 சதவீதத்தில் 20 நிமிடம் ஆரம்பியுங்கள். முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக்கூடாது, அதுதான் அளவு. அது சுலபமாகிவிட்டால் ஒரு சதவீதம் ஏற்றுங்கள். சில மாதம் போய் முட்டி ஒத்துழைத்தால் நடுவில் ஒரு நிமிடம் மெல்ல ஓடிப் பாருங்கள். தினமும் 5, 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கே இதய நோயால் இறக்கும் ஆபத்து கணிசமாகக் குறைவாக இருந்ததாக 2014இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு காட்டுகிறது.

நிஜ மலை ஏறுவதானால் இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி. சோளிங்கரில் 2024இல் ரோப்கார் வந்துவிட்டது. படியில் ஏறி ரோப்காரில் இறங்குங்கள், முட்டி தப்பிக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் தெரியுமே, விடியற்காலையோடு முடித்துவிடுங்கள். தோலைக் குளிரவைக்கவும் ரத்தம் ஓட வேண்டியிருப்பதால் அதே நடைக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போல் இருந்தாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ போனாலோ, காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ உடனே நின்றுவிடுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம்.

பிபிக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்றவை நாடித்துடிப்பை அடக்கி வைக்கும், அப்போது கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் பேச்சு அளவையே வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரைப் பார்த்து டிஎம்டி தேவையா என்று கேளுங்கள். எடுத்தால் எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், எந்த ஏற்றத்தில் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.