படத்தில் வலம், உடம்பில் இடம்

கேள்வி: எனக்கு வயது 57. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். ஏழு மாதமாக வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வலி. பல் விளக்கினால், சோறு மென்றால், ஃபெர்ரியில் கடல்காற்று முகத்தில் பட்டால் சுரீர் என்று வரும், சில விநாடியில் போய்விடும். ஒரு பல் கிளினிக்கில் இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை. மூன்றாவது பல்லுக்கு அடுத்த வாரம் தேதி. எக்ஸ்ரேயில் அந்தப் பல் நன்றாகத்தான் இருக்கிறதாம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் மூளையில் மறையாமல் இருக்கிறது என்று வந்திருக்கிறது. மகன் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு அது வலப்பக்கம் இருப்பதைக் காட்டினான். இதுதான் வலிக்குக் காரணமா? வெடித்துவிடுமா? வாய் கோணிவிடுமா? "உன்னை வயித்துல வச்சிருந்தப்ப அன்னாசி தின்னேனே" என்று அம்மா அழுகிறார். டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதியிருக்கிறார். எனக்கு வலிப்பே கிடையாது, அதனால் இன்னும் தொடவில்லை.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் உங்கள் மகன் காட்டிய பக்கமே போயிருப்பேன். அந்தக் குழாய் இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இடப்பக்கம். உங்களுக்கு வலி வலப்பக்கம்.

மகன் மேல் தப்பில்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோலத்தான் நாங்கள் படத்தைப் பார்ப்போம். எதிரே நிற்பவரின் இடக்கை நமக்கு வலப்பக்கம் தெரியுமல்லவா, அதே கணக்கு. சிடியை மறுபடி போட்டுப் பாருங்கள். திரையின் வலது ஓரத்தில் பொடியாக 'எல்' என்று ஓர் எழுத்து நிற்கும். அது உங்கள் இடப்பக்கம். வேலைக்கு வந்த புதிதில் நானே ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் திருப்பி மாட்டி, மூத்த டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தக் குழாய். கருவுக்கு ஏறக்குறைய நாலு வாரம் ஆகும்போது அதன் நீளம் 4, 5 மில்லிமீட்டர்தான், ஓர் அரிசியைவிடச் சிறிது. பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் சொந்தக் குழாய்கள் அப்போது தயாராகியிருக்காது. அதனால் கழுத்து வழியே மூளைக்கு ஏறும் முன்பக்கத்துக் கரோட்டிட் தமனியிலிருந்து சில கிளைகள் தற்காலிகமாகப் பின்னால் ஓடும். வீடு கட்டும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் இழுத்துத் தண்ணீர் பிடிப்போமே, அந்த மாதிரி ஏற்பாடு. சொந்த இணைப்பு வந்ததும், ஒரு வாரம் பத்து நாளில் அவை சுருங்கி மறைந்துவிடும். ஆயிரம் பேரைப் படமெடுத்தால் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை, அவற்றில் ஒன்றான டிரைஜெமினல் தமனி மறையாமல் தங்கியிருக்கும். உங்களுக்கு இருப்பதும் அதுதான். 1844இலேயே குவெய்ன் என்ற உடற்கூறு நிபுணர் இதைப் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதிவிட்டார். ரத்தக்குழாய்ப் படத்தில் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று முனை கிளைத்துத் தெரியும். வெள்ளைக்காரர்கள் தங்கள் கடல் தெய்வத்தின் ஆயுதம் என்றார்கள். எனக்கு என்னவோ முதல்முறை பார்த்தபோதே மாரியம்மன் கோயில் சூலம்தான்.

அன்னாசிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த நாலாவது வாரத்தில் தான் உண்டாகியிருப்பதே உங்கள் அம்மாவுக்கு உறுதியாகத் தெரிந்திருக்காது. அழ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எல்லாரும் இந்தக் குழாயைச் சந்தேகப்படுவதற்கு ஒரு காரணம், அதன் பெயர். முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் டிரைஜெமினல் நரம்பின் அருகே ஓடுவதால் அந்தப் பெயர். வலிக்கும் பக்கத்திலேயே இருந்து நரம்பை அழுத்தினால் இதுவே குற்றவாளியாகலாம், அப்படிப்பட்ட நோயாளிகளும் உண்டு. உங்கள் விஷயத்தில் பக்கமே மாறிப்போயிற்று. ஆனால் ரிப்போர்ட்டின் இரண்டாம் பத்தியில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டியதாகத் தெரியவில்லை: வலது டிரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டை விட்டுப் புறப்படும் இடத்தில், சிறுமூளைக்குப் போகும் சாதாரணத் தமனி ஒன்று வளைந்து அதைத் தொடுகிறது, நரம்பு சற்று நகர்ந்திருக்கிறது. இந்த வலிக்கு வழக்கமான காரணம் அதுதான். வலியே இல்லாதவர்கள் படத்திலும் வெறும் தொடுகை தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து நான் முடிவு கட்டமாட்டேன். உங்கள் கடிதம்தான் எனக்குப் பெரிய சாட்சி. சுரீர், சில விநாடி, பல் விளக்கினால், காற்று பட்டால் – பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

வாய் கோணாது. முகத்தை அசைப்பது வேறொரு நரம்பு. வெடிக்குமா என்றால், இந்தக் குழாய் உள்ளவர்களுக்கு மூளைத் தமனியில் வெடிக்கக்கூடிய புடைப்பு அதிகம் வரும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்ததில் மற்றவர்களைப் போலத்தான், நூற்றுக்கு மூன்று பேர் அளவில். உங்கள் படத்தில் புடைப்பு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். என்றைக்காவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஆபரேஷன் என்றாலோ, இடது கன்னம் வழியாக டிரைஜெமினல் நரம்பின் முடிச்சுக்கு ஊசி போடுவது என்றாலோ, அதை அந்த டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டும். தெரியாமல் ஊசி அதில் பட்டால் ரத்தப்போக்கு.

மாத்திரை கார்பமசெபின்தானே? வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இந்த வலிக்கு முதலில் கொடுப்பதும் அதுவே. கண்டபடி மின்சாரம் கக்கும் நரம்பை அடக்குகிறது. இருந்தாலும் நீங்கள் தொடாமல் இருந்ததில் ஒரு நன்மை. ஆரம்பிக்கும் முன் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணுவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை தோலையே உரித்துப்போடும் கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம். நம் பக்கத்துச் சீனர், மலாய்க்காரரிடம் அது அதிகம், இந்தியரிடமும் இருக்கிறது. இல்லை என்று வந்தால், சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் சில வாரத்தில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைச்சுற்றல் இருக்கும், ஃபெர்ரி படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை கேட்காவிட்டால் காதுக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து, தமனிக்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. அது பிறகு பார்க்க வேண்டியது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல் கிளினிக்குக்குப் போன் போட்டு, மூன்றாவது பல்லுக்கு வாங்கிய தேதியை ரத்து செய்யுங்கள்.