புதுசாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் கழற்றி மாட்டுவதும்தான் என் சோலி. புதுப் பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது என்பவர்கள் கேட்கலாம். பார்ட்ஸ் பட்டியலோடு இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: எப்போது நிற்கிறது? கேம் ஆடும்போதா, சும்மா இருக்கும்போதா, நீலத் திரை வந்தா, வராமலா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். லேப்டாப், செல்போன் கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை.

பெருமாள்புரம், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, ரைசன் 5 7600, 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ. வாங்கி மூன்று வாரம். கேம் ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் பட்டென்று அணைந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை வரவில்லை. விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக நிற்கிறது. இந்த 41-ஐ எப்படிச் சரிசெய்வது?

பதில்: 41-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது தம்பி. 'போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை' என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு அது. கரண்ட் போனாலும் 41 வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும். ஏன் நின்றது என்று அதற்கே தெரியாது.

நீங்கள் சொன்னதில் எனக்கு உதவுவது வேறு இரண்டு விஷயம். நீலத் திரை இல்லை, லோடு ஏறும்போது நிற்கிறது. விண்டோஸுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரம் கிடைக்காமல் பவர் அறுந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பார்ட்ஸுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதன் பெயரே இல்லை, கவனித்தீர்களா? கேபினட்டோடு 'ஃப்ரீ'யாக வந்ததாக இருக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். வெளியே பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கட்டும். 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? 18 என்று இருந்தால் 12 தடவை 18, வெறும் 216 வாட். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக 160 வாட் தின்னும், பிராசஸர் முழு வேகத்தில் 88 வாட் வரை போகும். ஃபேன், போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் அதற்கு மேலே. பிறகு எப்படி நிற்காமல் இருக்கும்?

நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட் போதும். '80 பிளஸ்' முத்திரையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று சொல்லும் முத்திரை. உள்ளே போட்ட கெப்பாசிட்டரின் தரத்தைச் சொல்லாது. மாற்றும்போது பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் கேபிள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே நொடியில் எஸ்எஸ்டி கருகிவிடும். வருஷத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கருக்கிவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

தென்காசி: விண்டோஸை அழித்து மறுபடி போட்டால் சரியாகுமா?

பதில்: போடாதீர்கள். முதலில் எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள்.

மேலப்பாளையம்: பீடி கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன் அண்ணே. எனக்கு நீலத் திரைதான் வருகிறது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, மறுநாள் வேறு பெயர், அதற்கடுத்த நாள் இன்னொன்று. ரேம் 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4. இரண்டையும் வேறு வேறு சமயத்தில் வாங்கினோம். அட்டையில் 3600 என்று இருந்ததால் தம்பி எக்ஸ்எம்பி ஆன் செய்து கொடுத்தான்.

பதில்: தங்கச்சி, எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய நகலை அழித்து அதன்மேல் எழுதாமல் புது ஃபோல்டரில் போடுங்கள். ரேம் தப்பு செய்தால் சேமிக்கிற ஃபைலும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

நீலத் திரையின் பெயர் தடவைக்குத் தடவை மாறினால் நான் முதலில் ரேமைத்தான் சந்தேகப்படுவேன். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்எம்பி என்பது ரேமை அதன் இயல்பான வேகத்துக்கு மேலே ஓட்டுவது. டிடிஆர்4-க்கு இயல்பான வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35. ஒரே டப்பாவில் வந்த ஜோடி என்றால் அந்த வேகத்தில் சேர்த்துச் சோதித்திருப்பார்கள். உங்களுடையது தனித்தனியாக வாங்கிக் கட்டிவைத்த ஜோடி. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் எழும் போர்டின் செட்டிங் திரையில், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இரண்டு நாள் வேலை பாருங்கள். கணக்கு எழுதுவதற்கு 3600-க்கும் 2666-க்கும் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியும் விழுந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். நாலு சுற்று ஓடும். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் தேறவில்லை என்றே அர்த்தம். 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிறகு ஒவ்வொரு ரேம் குச்சியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால், பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடிக்கு உரிய இடம். இதைப் பலர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

வள்ளியூர்: ஐ7-14700கே. புது கேம் எதைத் திறந்தாலும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று மூடிக்கொள்கிறது. கார்டில் 12 ஜிபி இருக்கிறது!

பதில்: கார்டு மேல் பழி போடாதீர்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசஸர்களில் இந்தச் செய்தி பிரசித்தம். பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொண்டது. இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளே ஓடும் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது. போர்டு கம்பெனியின் புதிய பயாஸ் ஏற்றினால் அதுவும் கூடவே வரும். ஆனால் பயாஸ் இனிமேல் தேயாமல்தான் காக்கும், தேய்ந்தது திரும்பாது. ஏற்றிய பிறகும் இதே கதை என்றால் பிராசஸரை மாற்றித்தான் வாங்க வேண்டும். இந்த மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் கூட்டி ஐந்தாக்கியிருக்கிறார்கள், பில்லைத் தேடி எடுங்கள். பயாஸ் ஏற்றும்போது யுபிஎஸ் கட்டாயம். ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் கரண்ட் எப்படி வந்துபோகும் என்று உங்களுக்கே தெரியும்.

களக்காடு: கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, செருப்பில்லாமல் நின்றால் அதிகம். டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. சில சமயம் தொட்டவுடன் ஹேங் ஆகிறது. எஸ்எம்பிஎஸ் லீக்கா?

பதில்: பெரும்பாலும் லீக் இல்லை, உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸில் இருந்து ஒன்றும் நியூட்ரலில் இருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் பாடிக்குப் போகும். இரைச்சலை வடிகட்டி எர்த்தில் விடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லை என்றால் வடிய வழியில்லாமல் 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் சுமார், தகரத்தில் வந்து நிற்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்குள் என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் இதேதான்.

எர்த் இல்லாததால் மட்டும் கம்ப்யூட்டர் விழும் என்று சொல்ல மாட்டேன். நம்மூரில் பாதி வீட்டில் எர்த் இல்லாமல்தான் ஓடுகிறது. ஆனால் தொட்டவுடன் ஹேங், யுஎஸ்பி கழன்று மாட்டுவது, எச்டிஎம்ஐ செருகும்போது பொறி பறப்பது எல்லாம் இதன் கூட்டாளிகள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுங்கள். ஒன்று மட்டும்: நியூட்ரலில் இருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சேரன்மகாதேவி: எனக்கும் 41 வருகிறது, என்ன செய்ய?

பதில்: பெருமாள்புரம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வண்ணார்பேட்டை, எலக்ட்ரீஷியன்: துண்டு ஒயர் போடுகிறவன் நான்தான் அண்ணாச்சி. முப்பது வருஷமாகப் போடுகிறேன், ஒரு கம்ப்ளெயிண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை எர்த் செய்துதானே வைத்திருக்கிறார்கள்? இரண்டும் ஒன்றுதான். எனக்குக் காப்பியும் வேண்டாம்.

பதில்: டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கஸ்டமர் வீட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே எத்தனை ஜாயிண்ட் இருக்கிறது? அதில் நியூட்ரல் ஒன்று கழன்றது என்று வையுங்கள். ஃபேஸில் இருந்து ஃபேன் வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் உங்கள் துண்டு ஒயரில் ஏறி எர்த் பின்னுக்கு வரும். கம்ப்யூட்டர் தகரம், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றிலும் 230 வோல்ட். இது சுர்ரென்கிற மில்லி ஆம்பியர் சமாச்சாரம் இல்லை அண்ணாச்சி, ஆளையே பிடித்துக்கொள்ளும். அதுகூட வேண்டாம், வெள்ளையடிக்க வந்தவன் போர்டைக் கழற்றி ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டிவிட்டால்? ஸ்விட்ச் போட்ட நிமிஷமே தகரம் ஃபேஸ்தான். முப்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம்.

தென்காசி: ஐயா, என் கேள்வி?

பதில்: எப்போது நிற்கிறது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

ராதாபுரம்: எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் தேரி மணல். பைப் இறக்கியும் கோடையில் எர்த் நிற்பதில்லை.

பதில்: காய்ந்த மணல் கரண்டை வாங்காது, உண்மைதான். குழியைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். போன கரண்ட் திரும்பி வருகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். வீட்டில் எர்த் சுமாராக இருந்தாலும் ஆள் தொட்டால் வெட்டிவிடும்.

வண்ணார்பேட்டை, எலக்ட்ரீஷியன்: ஆர்சிசிபி கதையை விடுங்கள். போட்ட வீட்டில் எல்லாம் நாளுக்கு நாலு தடவை டிரிப் ஆகிறது என்று என்னைத்தான் திட்டுகிறார்கள். கழற்றி எறிந்துவிட்டேன்.

பதில்: அந்த வீடுகளில் துண்டு ஒயரும் போட்டிருந்தீர்களா? நியூட்ரலில் போக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த்தில் போனால் ஆர்சிசிபி டிரிப் ஆகாமல் என்ன செய்யும்? அது சரியாகத்தான் வேலை பார்த்திருக்கிறது. கழற்ற வேண்டியதை விட்டுவிட்டு அதைக் கழற்றியிருக்கிறீர்கள்.

அம்பாசமுத்திரம்: சண்டைக்கு நடுவே மன்னிக்கவும். கேம் ஆடினால் நாலு மணி நேரமும் ஓடுகிறது. ராத்திரி டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் உறைந்து கிடக்கிறது. பழைய ரைசன் 5 2600, மற்றதெல்லாம் புதுசு.

பதில்: மன்னிப்பு எதற்கு, இன்றைக்கு வந்ததில் சுவாரசியமான கேள்வி இதுதான். வேலை கொடுத்தால் ஓடுகிறது, சும்மா விட்டால் விழுகிறது. பழைய ரைசன்கள் ஓய்வில் மிகக் குறைந்த கரண்டுக்கு இறங்கும். சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அவ்வளவு சின்ன லோடில் வோல்டேஜைப் பிடித்து நிற்கத் தெரியாது. பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்று தேடுங்கள். 'ஆட்டோ' என்று இருப்பதை 'டிபிக்கல் கரண்ட் ஐடில்' ஆக்குங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், பாதகமில்லை. எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

முக்கூடல்: கரண்ட் போனால் ஃபேன், லைட் அசையாமல் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, எஸ்எம்பிஎஸ் தாங்குவதோ 16, 17 மில்லி செகண்ட். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஸ்விட்சை மாற்றியும் பலனில்லாமல் போகலாம், அப்படியானால் தனி யுபிஎஸ் வாங்குங்கள். 600 விஏ என்றால் கிட்டத்தட்ட 360 வாட்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மகாராஜநகர்: ஆன் செய்த இரண்டே நிமிஷத்தில் பிராசஸர் 100 டிகிரி. பாளையங்கோட்டை வெயில்தான் காரணமோ?

பதில்: கத்திரி வெயிலில்கூட இரண்டு நிமிஷத்தில் 100 ஆகாது. கூலரைக் கழற்றி அடியில் பாருங்கள், பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே ஒரு டாக்டர் வீட்டுக்கு அப்படிக் கொடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஓடியிருக்கிறேன்.

உவரி: ரேமைக் கழற்றி மாட்டினால் ஒரு மாதம் ஓடுகிறது, அப்புறம் பழைய கதை.

பதில்: உப்புக்காற்று. தங்கப் பட்டையை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலில் இருந்து நகர்த்துங்கள்.

கடையநல்லூர்: லேப்டாப் சூடாகிறது, அப்புறம் 41-ம் வருகிறது.

பதில்: லேப்டாப்புக்கு நான் ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். 41-க்கு மேலே போய்ப் படியுங்கள். இனி 41 என்று யார் கேட்டாலும் பதில் வராது.

தென்காசி: நீலத் திரை இல்லை, கேம் ஆடும்போதுதான் நிற்கிறது. விண்டோஸை நேற்றே அழித்துப் போட்டுவிட்டேன், அப்படியும் நிற்கிறது.

பதில்: நிற்கத்தான் செய்யும். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

வண்ணார்பேட்டை, எலக்ட்ரீஷியன்: என் வீட்டில் மட்டும் துண்டு ஒயரைக் கழற்றிவிட்டு ஆர்சிசிபி போட்டேன். காலையில் இருந்து டிரிப் ஆகவில்லை. கஸ்டமர் வீடுகளைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பதில்: பேசத்தான் வேண்டும் அண்ணாச்சி. நோட்டில் பெயர் இருக்குமே, முதல் பெயரில் இருந்து ஆரம்பிக்கலாம்.

பெருமாள்புரம், கல்லூரி மாணவர்: ஸ்டிக்கர் பார்த்துவிட்டேன். 12 வோல்ட்டுக்கு நேரே 17 ஆம்பியர். இன்றைக்குக் கடை உண்டா?

பதில்: ஏழு மணி வரை உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழற்றி எடுத்து வாருங்கள், கேபினட்டை பைக்கில் கட்டித் தூக்கி வர வேண்டாம். பழைய கேபிள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.